எறும்புக் காலனிக்குள் எத்தனை குடும்பம்? மரபணுக் குறிப்பான்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிரியல் படிக்கிறவர்கள், வீட்டில் எறும்பு வளர்க்கிறவர்கள், காட்டில் படம் எடுக்கப் போகிறவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. சிலவற்றுக்கு இரண்டு வரி போதும், சில இழுக்கும். பள்ளியில் படித்த மரபியல் கொஞ்சம் ஞாபகம் இருந்தால் போதும்.

காலனியின் மரபணுப் பன்மை என்றால் எதைச் சொல்கிறோம்?

இரண்டு வேறு விஷயங்களை ஒரே சொல்லால் சொல்லிக் குழம்புகிறோம். ஒன்று, ஒரு காலனிக்குள் இருக்கும் பன்மை: அங்கே இருப்பவர்கள் எல்லாரும் ஒரே தாய் தந்தைக்குப் பிறந்தவர்களா, இல்லை ஒரு தாய்க்கும் பத்துத் தந்தைகளுக்கும் பிறந்தவர்களா, பல ராணிகள் சேர்ந்து முட்டையிடுகிறார்களா என்பது. இன்னொன்று, ஒரு வட்டாரத்தில் இருக்கும் காலனிகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் அந்த இனத்தில் எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்பது. ஒன்று கூடி இன்னொன்று குறையலாம். அர்ஜென்டினா எறும்பைக் கீழே பார்க்கும்போது இது புரியும். யாராவது "பன்மை அதிகம்" என்று சொன்னால், காலனிக்குள்ளா வட்டாரத்திலா என்று முதலில் கேளுங்கள்.

கூட்டைத் தோண்டி ராணிகளை எண்ணினால் தெரிந்துவிடாதா?

தெரியாது. ராணி ஒன்றுதான் என்று கண்ணால் பார்த்துவிடலாம், ஆனால் அவள் எத்தனை ஆண்களுடன் சேர்ந்தாள் என்பது அவள் முகத்தில் எழுதியிருக்காது. பெரும்பாலான இனங்களில் ராணி பறந்துபோய்ச் சேருவது வாழ்நாளில் ஒரே ஒரு பருவத்தில்தான். வாங்கிய விந்தை வயிற்றுக்குள் ஒரு சின்னப் பையில் சேமித்து வைத்து வருடக்கணக்கில் பயன்படுத்துவாள். தந்தைகளோ சேர்ந்த கொஞ்ச நேரத்திலேயே செத்துப்போயிருப்பார்கள். தந்தையைப் பற்றி மிச்சம் இருக்கும் சாட்சி இரண்டே இடத்தில்: அவள் பையில் இருக்கும் விந்து, அவள் பெற்ற பிள்ளைகளின் உடம்பு.

அப்புறம், நான்கு ராணிகள் இருப்பதாலேயே நான்கு பேரும் முட்டையிடுகிறார்கள் என்று சொல்லிவிட முடியாது. ஒருத்தி மட்டும் இட்டுக்கொண்டிருக்கலாம், மற்றவர்கள் சும்மா இருக்கலாம். நேற்றுச் செத்துப்போன ராணியின் பிள்ளைகள் இன்னும் வேலை செய்துகொண்டிருக்கலாம். கண்ணால் பார்ப்பது ஆட்கணக்கு மட்டும்தான். யார் யாருக்குப் பிறந்தார்கள் என்பதை மரபணுதான் சொல்லும்.

மரபணுக் குறிப்பான் என்றால் என்ன?

ஆளுக்கு ஆள் மாறுபடுகிற, ஆய்வகத்தில் சுலபமாகப் படிக்க முடிகிற ஏதாவது ஒரு மரபணு இடம். அந்த இடத்தில் இருக்கும் வெவ்வேறு வடிவங்களை அல்லீல் என்கிறோம். அந்த இடம் எறும்புக்கு என்ன வேலை செய்கிறது என்பது பெரும்பாலும் முக்கியமே இல்லை. ஒரு வேலையும் செய்யாத இடமாக இருந்தால் இன்னும் நல்லது, இயற்கைத் தேர்வு அதைத் தொந்தரவு செய்திருக்காது.

1970கள், 80களில் நொதிப் புரதங்களின் வடிவ வேறுபாட்டைத்தான் குறிப்பானாக வைத்தார்கள். அலோசைம் என்று பெயர். ஃபின்லாந்தில் பெக்கா பமிலோவும் ஆஸ்திரேலியாவில் ராஸ் குரோசியரும் எறும்பு மரபியலுக்கு அடித்தளம் போட்டது அந்தக் கருவியால்தான். அதில் ஒரு இடத்துக்கு இரண்டு மூன்று வடிவம் கிடைப்பதே பெரிய விஷயம். 1990களில் மைக்ரோசாட்டிலைட் வந்ததும் நிலைமை மாறியது. மைக்ரோசாட்டிலைட் என்பது டிஎன்ஏவில் சி-ஏ சி-ஏ சி-ஏ என்று இரண்டு மூன்று எழுத்துகள் அடுத்தடுத்துத் திரும்ப வரும் இடம். செல் பிரதி எடுக்கும்போது அங்கே அடிக்கடி வழுக்கும், அதனால் ஒருவருக்கு 12 தடவை, இன்னொருவருக்கு 15 தடவை என்று நீளம் மாறும். பிசிஆர் மூலம் அந்த இடத்தைப் பெருக்கி நீளத்தை அளந்தால் போதும். ஒரே இடத்தில் பத்து இருபது அல்லீல்கள்கூடக் கிடைக்கும். குடும்பம் பிரிக்க இதைவிட வசதி வேறில்லை.

எறும்புகளின் உறவுமுறை நம்முடையதுபோல இல்லை என்கிறார்களே?

ஆமாம். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம். கருவுறாத முட்டையிலிருந்து ஆண் வருகிறது, அதனால் ஆணுக்கு ஒரே ஒரு தொகுதி குரோமோசோம்தான், அதுவும் தாயிடமிருந்து வந்தது. ஆணுக்குத் தந்தை கிடையாது. கருவுற்ற முட்டையிலிருந்து பெண் வருகிறது, அவளுக்கு இரண்டு தொகுதி. வேலைக்கார எறும்பு, ராணி இரண்டுமே பெண்தான்.

ஆணிடம் ஒரே தொகுதி இருப்பதால் அவனுடைய விந்தணு எல்லாம் ஒரே அச்சு. ஒரே தந்தைக்குப் பிறந்த சகோதரிகள் தந்தை பக்கத்தில் நூற்றுக்கு நூறு ஒன்று, தாய் பக்கத்தில் சராசரியாகப் பாதி ஒன்று. ஆக உறவளவு, அதாவது இருவருக்கும் பொதுவான மரபணுவின் பங்கு, 0.75. அதே சகோதரிக்குத் தன் சகோதரனுடன் உறவளவு 0.25 மட்டுமே. பிரிட்டிஷ் உயிரியலாளர் ஹாமில்டன் 1964-ல் இதைச் சுட்டிக்காட்டியதிலிருந்துதான், வேலைக்காரிகள் ஏன் தாங்கள் பிள்ளை பெறாமல் தாயின் பிள்ளைகளை வளர்க்கிறார்கள் என்ற பெரிய விவாதம் சூடுபிடித்தது.

ராணி பல ஆண்களுடன் சேர்ந்திருந்தால் இந்த 0.75 இறங்கும். எல்லாத் தந்தைக்கும் சம பங்கு என்று வைத்துக்கொண்டால் கணக்கு இது: 0.25 கூட்டல் (0.5 வகுத்தல் தந்தைகளின் எண்ணிக்கை). இரண்டு தந்தை என்றால் 0.5. பத்துத் தந்தை என்றால் 0.3. அதற்கு மேல் எத்தனை தந்தை சேர்ந்தாலும் 0.25-ஐ நெருங்குமே தவிர அதற்குக் கீழே போகாது.

குறிப்பானை வைத்துத் தந்தையை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு உதாரணம் சொல்லுங்கள்.

ஒரு மைக்ரோசாட்டிலைட் இடத்தை எடுத்துக்கொள்வோம். அல்லீல்களை அவற்றின் நீளத்தால் அழைப்போம். ராணிக்கு 150, 156. அவள் சேர்ந்த ஆணுக்கு 162. பிறக்கும் வேலைக்காரிகள் 150/162 அல்லது 156/162 ஆகத்தான் இருக்க முடியும். எல்லாரிடமும் 162 இருக்கும். மொத்தக் காலனியிலும் மூன்று அல்லீலுக்கு மேல் வராது.

இப்போது ராணி கையில் கிடைக்கவில்லை, வேலைக்காரிகள் மட்டும் கிடைத்தார்கள் என்று வையுங்கள். பெரும்பாலான நேரம் இதுதான் நடக்கும், ராணி ஆழத்தில் இருப்பாள். வேலைக்காரிகளைப் பார்த்தே தாயையும் தந்தையையும் திரும்பக் கட்டிவிடலாம்: எல்லாரிடமும் பொதுவாக இருப்பது தந்தையின் அல்லீல், பாதிப் பாதியாகப் பிரிந்து வருவது தாயின் இரண்டு அல்லீல். எறும்பு மரபியலில் எனக்கு மிகப் பிடித்த கணக்கு இது. தாய் தந்தை இருவரையும் பார்க்காமலே அவர்கள் இருவரின் மரபணு அடையாளத்தையும் எழுதிவிட முடிகிறது.

அடுத்து 150/168 என்று ஒருத்தி வருகிறாள். 168 ராணியுடையதும் இல்லை, முதல் தந்தையுடையதும் இல்லை. அப்படியானால் இரண்டாவது தந்தை. 171/177 என்று ஒருத்தி வந்தால் தாய் பக்கமே ஒத்துப்போகவில்லை, அவள் வேறொரு ராணியின் பிள்ளை. அல்லது பக்கத்துக் காலனியிலிருந்து வந்து சேர்ந்தவள். ஒரு இடத்தை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. ஆறு, எட்டு இடங்களைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஐந்து அல்லீல் சம அளவில் இருக்கும் ஒரு இடத்தில், இரண்டு வெவ்வேறு ஆண்கள் தற்செயலாக ஒரே அல்லீலோடு இருக்க ஐந்தில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அதேபோன்ற ஆறு இடங்களில் என்றால் 15,625-ல் ஒன்றாகிவிடும்.

தந்தைகளை எண்ணிச் சொன்னால் போதுமா?

போதாது, பங்கும் வேண்டும். இரண்டு தந்தை இருந்து ஒருவனுக்கு 90 சதவீதப் பிள்ளைகள், இன்னொருவனுக்கு 10 என்றால் அந்தக் காலனி நடைமுறையில் ஒரு தந்தைக் காலனிதான். இதற்காகவே பயனுறு தந்தை எண் என்று ஒன்றைக் கணக்கிடுகிறார்கள்: ஒவ்வொருவரின் பங்கையும் வர்க்கமாக்கிக் கூட்டி, ஒன்றை அதனால் வகுப்பது. மேலே சொன்ன உதாரணத்தில் 1.22 வரும்.

ஒரு காலனிக்கு எத்தனை எறும்பு எடுக்க வேண்டும்?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான் என்பேன். எந்தக் கருவி, எந்த மென்பொருள் என்று மாதக்கணக்கில் யோசிக்கிறவர்கள் இதை ஐந்து நிமிடத்தில் முடிவு செய்துவிடுகிறார்கள்.

ராணியின் இரண்டு அல்லீலும் வெளிப்பட வேண்டும் என்பது மட்டும்தான் நோக்கம் என்றால் எட்டு வேலைக்காரிகள் போதும்; எட்டுப் பேரும் ஒரே அல்லீலையே வாங்கியிருக்கும் வாய்ப்பு 128-ல் ஒன்றுதான். ஆனால் 10 சதவீதப் பிள்ளைகளுக்கு மட்டும் தந்தையான ஒருவனைப் பிடிக்க வேண்டுமென்றால்? பத்துப் பேரை எடுத்தால் அவன் தப்பிவிட 35 சதவீத வாய்ப்பு. இருபது பேரை எடுத்தால் 12 சதவீதம். அதனால், உங்கள் கேள்வி என்ன என்பதுதான் எண்ணிக்கையை முடிவு செய்யும். ஒரு ராணியா பல ராணியா என்று மட்டும் பார்க்க எட்டு முதல் பன்னிரண்டு போதலாம். அமெரிக்க வெப்பமண்டலக் காடுகளின் படை எறும்பு எசிட்டான் பர்ச்செல்லியைப் போல ராணி பத்துக்கும் மேற்பட்ட ஆண்களுடன் சேரும் இனம் என்றால் காலனிக்கு இருபது பேர் எந்த மூலைக்கும் காணாது.

எங்கிருந்து எடுக்கிறோம் என்பதும் இதே அளவுக்கு முக்கியம். வாசலில் இரை தேடி ஓடுபவர்களை மட்டும் எடுத்தால் வயதானவர்கள் மட்டும் வருவார்கள், தப்பி வந்த பக்கத்து வீட்டுக்காரியும் அதில் இருக்கலாம். கூட்டுப்புழுக்களையும் சேர்த்து எடுத்தால் இப்போது முட்டையிடும் ராணி யார் என்று தெரியும். இரண்டையும் ஒப்பிட்டால் ராணி மாறியிருக்கிறாளா என்றுகூடச் சொல்லலாம்.

சேகரித்ததை எப்படி வைப்பது? எறும்பைக் கொல்லத்தான் வேண்டுமா?

95 சதவீதத்துக்குக் குறையாத எத்தனாலில் போட்டு, குளிர்ச்சியாக வையுங்கள். காலனிக்கு ஒரு தனிக் குப்பி. பெயர்ச்சீட்டைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்கு உள்ளேயே போடுங்கள், எத்தனால் பட்டால் பேனா மை கரைந்துவிடும். இடம், தேதி, மரத்திலா மண்ணிலா, வாசலிலா உள்ளேயா என்பதையெல்லாம் அன்றைக்கே குறித்துவிடுங்கள்.

பெரிய எறும்பு என்றால் ஒரு கால் போதும், கொல்லத் தேவையில்லை. ராணியைக் காப்பாற்றிக்கொண்டே சோதிக்க இது நல்ல வழி. சின்ன இனங்களுக்கு முழு உடலும் வேண்டியிருக்கும். அப்போதும் வயிற்றுப் பகுதியை நீக்கிவிடுவது நல்லது, அதற்குள் அவள் தின்றதன் டிஎன்ஏவும் குடல் பாக்டீரியாவின் டிஎன்ஏவும் இருக்கும். முழு மரபணுத் தொகுப்பையும் படிக்கும் வேலைக்கு இது ரொம்பவே முக்கியம்.

மைக்ரோசாட்டிலைட் பழையதாகிவிட்டதா? இப்போது எல்லாரும் எஸ்என்பி என்கிறார்களே?

எஸ்என்பி என்பது டிஎன்ஏவில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கும் இடம். ஒவ்வொரு இடத்திலும் பொதுவாக இரண்டே வடிவம் என்பதால் தனித்தனியாகப் பார்த்தால் பலவீனமான குறிப்பான். ஆனால் ராட் வரிசைப்படுத்தல் போன்ற முறைகளில் ஆயிரக்கணக்கான இடங்கள் ஒரே வீச்சில் கிடைக்கின்றன. காலனிகள் எந்த வட்டாரத்திலிருந்து வந்தன, எந்தக் குரோமோசோமில் வித்தியாசம் குவிந்திருக்கிறது என்பதற்கெல்லாம் எஸ்என்பிதான். யார் யாருக்குத் தந்தை என்று சில நூறு எறும்புகளில் பார்க்க மட்டும்தான் ஆசை, பணமும் குறைவு என்றால், பத்து நல்ல மைக்ரோசாட்டிலைட் இன்றைக்கும் தாராளமாகப் போதும். ஒரு விஷயம்: நீளத்தை அளப்பது ஒரு ஆய்வகத்துக்கும் இன்னொன்றுக்கும் ஓரிரு எழுத்து தள்ளி வரலாம், அதனால் பழைய மைக்ரோசாட்டிலைட் தரவுகளைக் கண்ணை மூடிக்கொண்டு சேர்க்க முடியாது. எஸ்என்பியில் இந்தத் தலைவலி மிகக் குறைவு.

மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ எதற்கு?

அது தாய்வழி மட்டுமே வருவது. இரண்டு காலனிகள் ஒரே தாய்வழியா, ராணிகள் எவ்வளவு தூரம் போய்க் குடியேறுகிறார்கள் என்று பார்க்க உதவும். இனத்தை அடையாளம் காணவும் பயன்படுத்துகிறார்கள். நம் முசுறு எறும்பையே எடுத்துக்கொள்ளுங்கள்: இந்தியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை ஒரே இனம் என்று சொல்லப்படும் அதை மைட்டோகாண்ட்ரியா வழியாகப் பார்த்தபோது பல குழுக்களாகப் பிரிந்தது, அதில் இந்தியக் குழு தனி. ஆனால் மைட்டோகாண்ட்ரியாவை மட்டும் நம்பி இனத்தைப் பிரிக்கக்கூடாது. வோல்பாக்கியா என்ற பாக்டீரியா தாய்வழியாகவே பரவும். அது ஒரு தாய்வழியை மட்டும் பரவலாக்கிவிட்டால் மைட்டோகாண்ட்ரியாவின் கதை எறும்பின் கதையாக இருக்காது.

காலனிக்குள் பன்மை அதிகம் இருந்தால் என்ன லாபம்?

நோய் எதிர்ப்பு முதலில் வருகிறது. ஆயிரக்கணக்கான நெருங்கிய சொந்தங்கள் ஒரே ஈரமான இடத்தில் அடைந்து கிடந்தால் ஒரு பூஞ்சை எல்லாரையும் ஒரே சாவியால் திறந்துவிடும். பனாமாவின் இலைவெட்டி எறும்பு அக்ரோமிர்மெக்ஸ் எக்கினேசியரில் வில்லியம் ஹியூஸும் ஜேக்கபஸ் பூம்ஸ்மாவும் 2004-ல் காட்டியது: ஒரே காலனியில் ஒரு தந்தையின் பிள்ளைகளுக்கும் இன்னொரு தந்தையின் பிள்ளைகளுக்கும் மெட்டாரைசியம் பூஞ்சையைத் தாங்கும் திறன் வேறுபடுகிறது.

அதே எறும்பில் அதற்கு முந்தைய வருடம் இன்னொன்று தெரிந்தது. பெரிய உருவ வேலைக்காரி ஆவதா சின்ன உருவம் ஆவதா என்பதில் தந்தைக்கும் பங்கு இருக்கிறது. சில தந்தைகளின் பிள்ளைகள் பெரியவர்களாக அதிகம் வருகிறார்கள். வேலைப் பிரிவினை முழுக்க உணவாலும் சூழலாலும் முடிவாகிறது என்று பாடப்புத்தகங்கள் நீண்ட காலம் சொல்லி வந்ததை இது அசைத்துவிட்டது. 2008-ல் இதே இருவர் இன்னும் ஒரு படி போனார்கள்: சில தந்தைகளின் மகள்கள் தங்கள் பங்கைவிட அதிகமாக ராணிகளாகிறார்கள். அப்படிப்பட்ட தந்தைவழிகள் ஒவ்வொரு காலனியிலும் கொஞ்சமாகவே இருப்பதால் வெளியே தெரிவதில்லை. சகோதரத்துவம் நிறைந்த சமுதாயம் என்று நாம் புகழ்கிற இடத்தில் உள்ளுக்குள் போட்டி ஓடுவதைக் குறிப்பான் இல்லாமல் யாரும் கண்டிருக்க முடியாது.

வளர்ச்சியும் கூடுகிறது. அமெரிக்காவின் மேற்குப் பகுதி அறுவடை எறும்பு போகோனோமிர்மெக்ஸ் ஆக்சிடென்டாலிஸில், உறவளவு குறைந்த காலனிகள், அதாவது தந்தைகள் அதிகமான காலனிகள், வேகமாக வளர்வதைக் கோலும் வியர்னாஸும் 1999-ல் வெளியிட்டார்கள்.

அப்படியானால் எல்லா ராணிகளும் பல ஆண்களுடன் சேர வேண்டியதுதானே?

சேருவதில்லை. பெரும்பாலான எறும்பு இனங்களில் ராணி ஒரே ஆணுடன்தான் சேர்கிறாள், அல்லது அதை ஒட்டிய நிலை. 2008-ல் ஹியூஸ் குழுவினர் எறும்பு, தேனீ, குளவிகளை ஒப்பிட்டுப் பார்த்ததில், சமுதாய வாழ்க்கை தோன்றிய காலத்தில் ஒரே துணை என்பதுதான் ஆதி நிலை, பல துணை என்பது பிறகு வந்தது என்று தெரிந்தது. வெளியே அதிக நேரம் பறந்தால் பறவை கொத்தும், ஆற்றல் செலவாகும், விலை இருக்கிறது.

தந்தைகளின் எண்ணிக்கை காலனியின் நடத்தையை மாற்றுமா?

மாற்றும், எனக்குத் தெரிந்து இந்தத் துறையின் அழகான முடிவுகளில் இது ஒன்று. சகோதரி 0.75, சகோதரன் 0.25 என்றால் வேலைக்காரிகளுக்குச் சகோதரிகளை அதிகம் வளர்ப்பதில்தான் லாபம், மூன்றுக்கு ஒன்று என்ற அளவில் என்று 1976-ல் டிரைவர்ஸும் ஹேரும் சொன்னார்கள். ராணி பலருடன் சேர்ந்த காலனியில் சகோதரிகளின் உறவளவு இறங்கிவிடுவதால் அந்த லாபமும் இறங்க வேண்டும். ஃபார்மிகா டிரங்கோரம் என்ற எறும்பில் லோட்டா சுண்ட்ஸ்ட்ரோம் 1994-ல் இதைச் சோதித்தார். குறிப்பானை வைத்து ஒரு தந்தைக் காலனி, பல தந்தைக் காலனி என்று பிரித்தார், பிறகு எந்தக் காலனி எதை அதிகம் வளர்க்கிறது என்று பார்த்தார். ஒரு தந்தைக் காலனிகள் பெண்களையும் மற்றவை ஆண்களையும் அதிகம் வளர்த்தன.

இரண்டு வருடம் கழித்து ஃபார்மிகா எக்செக்டாவில், இரண்டு வகைக் காலனியிலும் ராணி இடும் முட்டையில் ஆண் பெண் விகிதம் ஒன்றாகவே இருக்கிறது, ஒரு தந்தைக் காலனியின் வேலைக்காரிகள்தான் வளரும் ஆண்களை ஒழித்துவிடுகிறார்கள் என்று அவரும் சகாக்களும் காட்டினார்கள். ஒரே காட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், வெளியே பார்க்க ஒன்றுபோலவே தோன்றும் கூடுகள்.

பன்மை குறைந்துவிட்டால் அந்த இனம் அழிந்துவிடுமா?

அப்படித்தான் எதிர்பார்ப்போம், அர்ஜென்டினா எறும்பு அந்த எதிர்பார்ப்பை உடைத்தது. கலிஃபோர்னியாவுக்குக் குடியேறிய கூட்டங்களைச் சொந்த நாட்டுக் கூட்டங்களுடன் ஏழு மைக்ரோசாட்டிலைட்டால் ஒப்பிட்ட ஆய்வு 2000-ல் வந்தது. குடியேறியவற்றில் அல்லீல்கள் ஏறக்குறைய பாதிதான் இருந்தன. ஆனால் அவை அழியவில்லை, உள்ளூர் எறும்புகளை ஓட்டிவிட்டன. எல்லாரும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருப்பதால் கூட்டுக்குக் கூடு சண்டை இல்லாமல் போய், ஒரு பேரளவுக் காலனியாகிவிட்டது என்பது அவர்கள் விளக்கம். 2002-ல் ஜிரோ, பெடர்சன், கெல்லர் ஐரோப்பாவில் இத்தாலியிலிருந்து ஸ்பெயினின் அட்லாண்டிக் கரை வரை சுமார் 6,000 கிலோமீட்டருக்கு நீளும் ஒரே பேரளவுக் காலனியைக் காட்டினார்கள். ஆனால் அங்கே பன்மை அவ்வளவு மோசமாகக் குறைந்திருக்கவில்லை. சண்டையைத் தூண்டும் அரிய அல்லீல்கள் தேர்வால் கழிந்துபோயிருக்கும் என்பது அவர்கள் வாதம்.

ஒரு கூட்டுக்குள் பார்த்தால் இந்த எறும்பில் ராணிகள் ஏராளம், கூட்டுக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொந்தமே இல்லை என்னும் அளவுக்கு உறவளவு பூஜ்யத்தை ஒட்டியிருக்கும். குடியேறிய வட்டாரம் முழுவதையும் பார்த்தால் பன்மை குறைவு. முதல் கேள்வியில் சொன்ன இரண்டு மட்டம் இதுதான்.

பன்மை குறைவதற்கு விலையும் உண்டு. பாலினத்தைத் தீர்மானிக்கும் மரபணு இடத்தில் இரண்டு வெவ்வேறு அல்லீல் இருந்தால்தான் பெண். கருவுற்ற முட்டையில் இரண்டும் ஒன்றாக அமைந்துவிட்டால் இருமடங்கு குரோமோசோம் கொண்ட ஆண் பிறக்கிறது, பெரும்பாலும் மலடு. அமெரிக்காவுக்கு வந்த செந்நெருப்பு எறும்பில் இது தெளிவாகத் தெரிந்தது. தனி ராணி தொடங்கும் புதுக் காலனியில் இப்படி ஆண்கள் பிறந்தால் வேலை செய்ய ஆளில்லாமல் காலனி தொடக்கத்திலேயே போய்விடும்.

செந்நெருப்பு எறும்பைப் பற்றி இவ்வளவு ஆய்வு ஏன்?

பணம், பயம் இரண்டும்தான். தென் அமெரிக்காவிலிருந்து 1930களில் அலபாமாவின் மொபைல் துறைமுகம் வழியாக அமெரிக்காவுக்குள் நுழைந்தது. பின்னர் சீனா, தைவான், ஆஸ்திரேலியா என்று பரவியது. 2011-ல் 75 இடங்களிலிருந்து 2,144 காலனிகளின் மரபணுத் தரவைப் பார்த்து, குறைந்தது ஒன்பது தனித்தனிக் குடியேற்றங்கள், அவற்றில் ஒன்றைத் தவிர எல்லாவற்றுக்கும் மூலம் அனேகமாக அமெரிக்கத் தெற்குதான், தாய்நாடான தென் அமெரிக்கா இல்லை என்று கண்டார்கள். எந்தத் துறைமுகச் சரக்கைச் சோதிக்க வேண்டும் என்று முடிவெடுக்க இதைவிடப் பயனுள்ள தகவல் என்ன வேண்டும்?

இன்னொரு காரணம் ஜிபி-9 என்ற மரபணு இடம். அதில் பெரிய பி (B), சின்ன பி (b) என்று இரண்டு வடிவம். இந்த எறும்பில் ஒற்றை ராணிக் காலனியும் உண்டு, பல ராணிக் காலனியும் உண்டு. பல ராணிக் காலனியில் வேலைக்காரிகள், ஜிபி-9 இடத்தில் இரண்டு பெரிய பி அல்லீல் உள்ள ராணிகளை அவர்கள் முட்டையிடத் தொடங்கும்போது கொன்றுவிடுவதையும், சின்ன பி ஒன்றாவது உள்ளவர்களை விட்டுவைப்பதையும் கெல்லரும் ராஸும் 1998-ல் காட்டினார்கள். கொல்லும் வேலையில் முன்நிற்பவர்களும் சின்ன பி உள்ள வேலைக்காரிகளே. தன்னைப்போன்ற மரபணு உள்ளவரை மட்டும் காப்பாற்றும் மரபணு உண்மையில் இருக்குமா என்று கோட்பாட்டளவில் பேசிக்கொண்டிருந்ததற்கு அது நேரடி உதாரணம். 2013-ல் அது ஒற்றை மரபணு இல்லை, சேர்ந்தே பரம்பரையாகப் போகும் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் கொண்ட ஒரு சமூகக் குரோமோசோம் என்று தெரிந்தது.

குளோனிங் செய்யும் எறும்புகள் உண்மையா?

உண்மை, எல்லாம் குறிப்பானால் வெளிவந்தவைதான். கேட்டக்ளிபிஸ் கர்சர் என்ற எறும்பில் ராணி வேலைக்காரிகளை ஆண் துணையுடன் பெறுகிறாள், புதிய ராணிகளைப் பெரும்பாலும் ஆண் துணையில்லாமல் பெறுகிறாள் (2004). வாஸ்மானியா ஆரோபங்டேட்டாவில் ராணி ராணியின் குளோன், ஆண் தன் தந்தையின் குளோன், இரண்டும் கலப்பது மலட்டு வேலைக்காரிகளில் மட்டும் (2005). ஆணுக்குத் தந்தையே கிடையாது என்று மேலே எழுதியதற்கு இங்கே விதிவிலக்கு. 2025-ல் வந்தது இன்னும் வியப்பு: மெஸ்ஸார் ஐபீரிகஸ் ராணி, மெஸ்ஸார் ஸ்ட்ரக்டர் என்ற வேறு இனத்து ஆண்களையே பெறுகிறாள். அந்த ஆண்களின் உட்கரு டிஎன்ஏ முழுக்க ஸ்ட்ரக்டர், மைட்டோகாண்ட்ரியா மட்டும் ஐபீரிகஸ். ஒரே வகைக் குறிப்பானை மட்டும் பார்த்திருந்தால் பாதிக் கதைதான் கிடைத்திருக்கும்.

குறிப்பான் பொய் சொல்லுமா?

குறிப்பான் பொய் சொல்லாது, நாம் தவறாகப் படிப்போம். மஞ்சள் பைத்தியக்கார எறும்பு நல்ல உதாரணம். அதன் ஆண்களிடம் இரண்டு அல்லீல் தெரிந்துகொண்டே இருந்தது, வேலைக்காரிகள் எல்லாரிடமும் இரண்டு வேறு அல்லீல், ராணிகளிடம் அப்படி இல்லை. பல வருடம் இது புதிராகவே கிடந்தது. 2023-ல் விடை வந்தது: ஆண்கள் இருமடங்கு குரோமோசோம் கொண்டவர்கள் இல்லை, இரண்டு வெவ்வேறு மரபுவழிச் செல்கள் ஒரே உடம்பில் கலந்தவர்கள். முட்டைக்குள் போன விந்தணுவின் உட்கரு முட்டையின் உட்கருவுடன் சேராமல் தனியாகப் பெருகுவதால் இப்படி ஆகிறது. உடம்பை மொத்தமாக அரைத்துப் படித்தால் இரண்டு அல்லீல்தான் தெரியும்.

அன்றாட வேலையில் வரும் பிரச்சினைகள் இதைவிடச் சாதாரணமானவை. பிரைமர், அதாவது பெருக்க வேண்டிய இடத்தைப் பிசிஆருக்குக் காட்டும் சின்ன டிஎன்ஏ துண்டு, ஒட்டும் இடத்தில் மாற்றம் இருந்தால் அந்த அல்லீல் தெரியவே தெரியாது. அது தந்தையுடையதாக இருந்தால் வேலைக்காரிகள் எல்லாம் தாயின் அல்லீல் மட்டும் உள்ளவர்களாகத் தோன்றுவார்கள். இதைச் சோதிக்க ஆண்களை விட நல்ல வழி இல்லை: ஆணிடம் ஒரு அல்லீல்தான் இருக்க வேண்டும், ஒன்றுமே தெரியவில்லை என்றால் மறைந்த அல்லீல், இரண்டு தெரிந்தால் வேறு ஏதோ விவகாரம். ஆண் எறும்பு கிடைத்தால் விடாதீர்கள்.

இன்னொரு தவறு ஆய்வேடுகளில்கூடப் பார்க்கிறேன். ஒரு காலனியிலிருந்து பத்துப் பேரை எடுத்து, பத்தையும் தனித்தனி ஆட்களாகப் பாவித்து ஸ்ட்ரக்சர் போன்ற மென்பொருளில் போடுவது. அது குடும்பங்களையே வட்டாரக் குழுக்கள் என்று பிரித்துக் காட்டும். வட்டாரப் பன்மையைப் பார்க்கும்போது காலனிக்கு ஒருத்தி போதும். குடும்பக் கணக்குக்குக் காலனி என்ற பெயரிலேயே மென்பொருள் இருக்கிறது, பத்துப் பேரையும் அங்கே போடுங்கள்.

தென்னிந்தியாவில் பார்க்கத் தகுந்தது என்ன இருக்கிறது?

நிறைய. இந்தியாவில் 2016 பட்டியலின்படி 828 எறும்பு இனங்களும் துணையினங்களும் பதிவாகியிருக்கின்றன, அவற்றில் மிகச் சிலவற்றின் குடும்ப அமைப்புதான் தெரியும். குதிக்கும் எறும்பு ஹார்பெக்னாதோஸ் சால்டேட்டர் நம் பகுதிக்காரி. 2010-ல் முதன்முதலாக மரபணுத் தொகுப்பு வெளியான இரண்டு எறும்புகளில் ஒன்று. ராணி செத்தால் வேலைக்காரிகள் உணர்கொம்பால் அடித்துக்கொண்டு போட்டியிடுவார்கள், வென்றவர்கள் கூட்டிலிருக்கும் சகோதரர்களுடன் சேர்ந்து முட்டையிடுவார்கள். அப்படிப்பட்ட காலனியில் தலைமுறை போகப் போக உறவளவு என்ன ஆகிறது என்பது குறிப்பானுக்கென்றே அமைந்த கேள்வி.

டயகம்மாவில் ராணி என்ற பிரிவே கிடையாது. டயகம்மா சிலோனென்ஸில், முட்டையிடும் வேலைக்காரி மற்றவர்களின் மார்புப் பகுதியில் இருக்கும் மொட்டுபோன்ற சின்ன உறுப்பைக் கடித்து நீக்கிவிடுவாள், நீக்கப்பட்டவர்கள் ஆணுடன் சேர மாட்டார்கள். நீலகிரிப் பக்கத்து வகை பார்க்க அதைப்போலவே இருந்தாலும் அப்படிச் செய்வதில்லை. இரண்டையும் குறிப்பானால் ஒப்பிட்டபோது மரபணு வேறுபாடு அதிகம் என்று தெரிந்தது.

மஞ்சள் பைத்தியக்கார எறும்பு 2022-ல் திண்டுக்கல் மாவட்டம் கரந்தமலைக் காட்டை ஒட்டிய கிராமங்களில் ஆடு மாடுகளைத் தாக்கியதாகச் செய்தி வந்தது நினைவிருக்கும். அங்கே இருப்பது ஒரே பேரளவுக் காலனியா, பல தனிக் கூட்டங்களா என்பதைக் கேட்காமல் மருந்து தெளிப்பது வீண் வேலை என்பது என் உறுதியான கருத்து. ஒன்று என்றால் அதன் விளிம்பைக் கண்டுபிடித்துச் சுருக்க வேண்டும், பல என்றால் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டும்.

அனுமதி வாங்க வேண்டுமா?

காப்புக்காடு, சரணாலயம், தேசியப் பூங்கா எதுவானாலும் வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு எறும்பைக்கூட எடுக்காதீர்கள். மாதிரியை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவது 2002-ம் வருட உயிரியல் பன்மைச் சட்டத்துக்குள் வரும். சென்னையில் இருக்கும் தேசிய உயிரியல் பன்மை ஆணையத்தின் நடைமுறையை முன்பே பார்த்துவிடுங்கள். இலங்கையிலும் காடுகளுக்கும் வனஜீவராசிகளுக்கும் பொறுப்பான திணைக்களங்களின் அனுமதி வேண்டும். இதற்கு மாதங்கள் ஆகலாம், பறக்கும் பருவத்தை மனதில் வைத்து முன்கூட்டியே விண்ணப்பியுங்கள்.

ஆய்வகம் இல்லை. கல்லூரி மாணவர் எங்கிருந்து தொடங்கலாம்?

முசுறை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு காலனி பல மரங்களில் இலைக்கூடுகளாகப் பரந்திருக்கும். ஒரு தோப்பை வரைபடமாக்குங்கள், ஒவ்வொரு மரத்திலிருந்தும் சிலரைப் பிடித்து அடுத்த மரத்தவர்களுடன் ஒரு கிண்ணத்தில் விட்டுச் சண்டை வருகிறதா என்று பாருங்கள், காலனி எல்லை ஓரளவு தெரியும். அப்போதே ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு குப்பி எத்தனாலில் சேகரித்து வையுங்கள். பிசிஆர் வசதி உள்ள துறையோடு பிறகு சேர்ந்துகொள்ளலாம். முன்பே வெளியான முசுறு மைக்ரோசாட்டிலைட் பிரைமர்கள் இருப்பதால் புதிதாக உருவாக்கும் செலவு இல்லை. சண்டை காட்டிய எல்லையும் மரபணு காட்டும் எல்லையும் ஒத்துப்போகின்றனவா என்பது ஒரு முதுநிலைப் பட்ட ஆய்வுக்குப் போதுமான கேள்வி. ஒத்துப்போகாத மரங்களில் இன்னும் அதிகம் பேரை எடுத்து, கூட்டுப்புழுக்களையும் சேர்த்துப் பாருங்கள்.